யூதர் இல்லாத ஊரில் யூதர் நினைவு

1913 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் வோக்ஸ்ரஸ்ட் ஊரில் மூன்று பேருக்குத் தலா மூன்று மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஒருவர் காந்தி. மற்ற இருவர் ஹெர்மன் காலன்பாக், ஹென்றி போலாக். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத இந்தியக் கூலிகள் மீது நேட்டால் அரசு மூன்று பவுன் தலைவரி போட்டிருந்தது. அதை எதிர்த்து நியூகாசில் பகுதி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு, பெண்டு பிள்ளைகளோடு டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த ஏழைகளில் தமிழர்கள் ஏராளம். அவர்களுக்காகச் சிறை புகுந்த காலன்பாக்கும் போலாக்கும் யூதர்கள்.

தில்லையாடி வள்ளியம்மையின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தப் போராட்டக் குடும்பங்கள் தங்கிய டால்ஸ்டாய் பண்ணை யாருடைய நிலம் என்பது அநேகமாகத் தெரியாது. ஜோகன்னஸ்பர்க் அருகே 1,100 ஏக்கரைக் கட்டடக் கலைஞரான காலன்பாக் 1910இல் வாங்கி, வாடகை கேட்காமல் சத்தியாக்கிரகிகளுக்குக் கொடுத்தார். போலாக் 1909இல் இந்தியா வந்து ஊர் ஊராகப் பேசினார். சென்னையில் அவருக்குத் துணை நின்றவர் பதிப்பாளர் ஜி.ஏ. நடேசன். டிரான்ஸ்வாலிலிருந்து நாடு கடத்தப்பட்டுச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய தமிழர்களுக்கு உண்டி உறைவிடம் தேடித் தந்தவர்களும் இவர்களே. காந்தியின் செயலாளராக இருந்து, ஜோகன்னஸ்பர்க்கின் தமிழ்ப் பெண்கள் சிறை செல்லத் துணிந்தபோது அவர்களோடு நின்ற சோனியா ஷ்லெசினும் யூதப் பெண்.

காலன்பாக் பிறந்தது லித்துவேனியாவில். 1941இல் ஜெர்மானியப் படை அங்கே நுழைந்தது. போர் முடிவதற்குள் அந்நாட்டு யூதர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டுவிட்டார்கள். பெரும்பாலோர் வதைமுகாமுக்குக்கூடக் கொண்டுபோகப்படவில்லை. ஊருக்கு வெளியே காட்டோரம் பள்ளம் வெட்டி, அதன் விளிம்பில் நிறுத்திச் சுட்டார்கள். லித்துவேனியாவின் ரூஸ்னே என்ற ஊரில் காந்தியும் காலன்பாக்கும் சேர்ந்து நிற்கும் சிலை 2015இல் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் காலன்பாக்குக்கு அப்படி ஒரு சிலை எழுந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

யூதர்களை நினைப்பது நமக்குச் சம்பந்தமில்லாத அயல்நாட்டு விவகாரம் என்று மதுரையில் யாராவது சொன்னால், அதற்கு மறுமொழி 1913இல் இருக்கிறது. அந்தக் கடனை முன்னிட்டு, யூதர்களைப் பற்றித் தமிழில் என்ன எழுதப்பட்டிருக்கிறது, மதுரை வட்டாரத்தில் என்ன பேசப்படுகிறது, எது விடுபட்டிருக்கிறது என்று பார்க்க இக்கட்டுரை முயல்கிறது.

தென்னாட்டுக்கு யூதர்கள் புதியவர்களும் அல்லர். கி.பி. 849ஐச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் வட்டெழுத்து வாசகத்துக்குச் சாட்சிக் கையொப்பம் இட்டவர்களில் சிலர் எபிரேய எழுத்தில் தங்கள் பெயரைப் பதித்திருக்கிறார்கள். சுமார் கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு கொச்சியில் இருக்கிறது. பாண்டிய நாட்டுக் கரையிலும் தடயம் உண்டு. ராமநாதபுரம் பக்கம் எபிரேய எழுத்துப் பொறித்த இடைக்காலக் கல் ஒன்று கிடைத்து, தொல்லியல் ஆர்வலர்களின் கவனத்துக்கு வந்தது. 1688இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கப்பட்டபோது ஆல்டர்மேன்களில் மூவர் யூத வைர வணிகர்கள். சென்னை லாயிட்ஸ் சாலையில் இன்றும் ஒரு சிறிய யூதக் கல்லறை இருக்கிறது.

இந்த வரலாற்றைச் சொன்னதும், இந்தியாவில் யூதர்கள் ஒருநாளும் துன்பப்பட்டதில்லை என்ற பெருமை மேடையேறும். நம் மன்னர்களைப் பொறுத்தவரை அது மெய். மண்ணைப் பொறுத்தவரை முழு மெய்யல்ல. கோவாவில் போர்த்துக்கீசியர் 1560இல் நிறுவிய மத விசாரணை மன்றம் முதலில் குறிவைத்தவர்களில் கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட யூதர்களும் உண்டு. நம் மிளகையும் இஞ்சியையும் பற்றி 1563இல் பெருநூல் எழுதிய மருத்துவர் கார்சியா டி ஓர்ட்டாவின் தங்கை கத்தரீனா 1569இல் கோவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார். செத்துப்போன ஓர்ட்டாவையும் விடவில்லை. இரகசியமாக யூத மதம் கடைப்பிடித்தார் என்று தீர்ப்பளித்து, 1580இல் எலும்புகளைத் தோண்டி எடுத்துக் கொளுத்தினார்கள். கொச்சி ராஜா தன் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுக்க, 1568இல் எழுந்த பரதேசி யூதர்களின் ஜெபாலயத்தை 1662இல் போர்த்துக்கீசியர் தாக்கி எரித்தார்கள். மதுரையிலிருந்து மலையைத் தாண்டினால் கொச்சி. இவை தொலைதூரத்துக் கதைகள் அல்ல.

இனி இன்றைக்கு வருவோம். மதுரையில் யூதச் சமூகம் என்று ஒன்று இல்லை. ஆனால் யூதரைப் பற்றிய கற்பனைகள் நிறைய உண்டு. அவற்றில் முதலாவது ஹிட்லர் மீதான மயக்கம்.

நடைபாதைப் புத்தகக் கடைகளில் ஹிட்லரின் தன்வரலாறு தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். தன்னம்பிக்கை நூல்களுக்கு நடுவில்தான் அதை அடுக்கியிருப்பார்கள். கண்டிப்பான தலைமையாசிரியரை 'ஹிட்லர்' என்பது நம் பள்ளிகளில் பட்டப்பெயர். அதில் பயத்தோடு கொஞ்சம் மரியாதையும் கலந்திருக்கும். 1982இல் சிவாஜி கணேசன் நடித்து 'ஹிட்லர் உமாநாத்' வந்தது. 2024இல் 'ஹிட்லர்' என்றே ஒரு படம் வந்தது. இந்த மயக்கத்துக்கு ஓர் அரசியல் வேர் இருக்கிறது, அதை மதிப்போடுதான் தொட வேண்டும். மதுரையில் ஜெய்ஹிந்துபுரம் என்று ஒரு பேட்டையே உண்டு. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் வழியாக நேதாஜியின் பெயர் இம்மாவட்டத்து வீடுகளுக்குள் புகுந்து தங்கியது. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த மலேயாத் தமிழர்களுக்கு இங்கே உறவினர்கள் இருந்தார்கள். நேதாஜி 1942 மே மாதம் ஹிட்லரைச் சந்தித்தார் என்பதிலிருந்து, வெள்ளைக்காரனுக்குப் பகைவன் நமக்கு நண்பன் என்ற முடிவுக்கு மக்கள் மனம் தாவிவிட்டது.

அந்த நண்பன் நம்மை எப்படிப் பார்த்தான்? இந்தியா வேறு எவர் கையிலும் இருப்பதைவிட ஆங்கிலேயர் கையில் இருப்பதையே விரும்புவதாக ஹிட்லர் தன் நூலில் எழுதினார். இந்திய விடுதலைப் போராளிகளை இழிவாகப் பேசினார். அந்தப் பகுதியைப் பற்றி 1942 சந்திப்பில் நேதாஜியே நேரில் முறையிட்டார். 1937 நவம்பரில் தன்னைக் காண வந்த பிரிட்டிஷ் தலைவர் ஹாலிஃபாக்ஸிடம், காந்தியைச் சுட்டுவிட்டால் இந்தியப் பிரச்சினை தீர்ந்தது என்ற பொருளில் ஹிட்லர் யோசனை சொன்னார். செண்பகராமன் பிள்ளை ஹிட்லரையே மன்னிப்புக் கேட்க வைத்த கதையை நம் மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அவர் நாஜி ஆட்சியின் கீழ் பெர்லினில் 1934 மே 26இல் மாண்டதும், நாஜிகளின் கொடுமையே காரணம் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்வதும் அதே மேடையில் அரிதாகவே கேட்கும்.

நேதாஜி மீது அன்புள்ளவர்கள் இன்னொன்றையும் எதிர்கொள்ள வேண்டும். 1938 இறுதியில், ஐரோப்பாவில் துரத்தப்படும் யூதர்களில் வல்லுநர்களுக்கு இந்தியாவில் இடம் தரலாம் என்ற கருத்தை நேரு காங்கிரசில் முன்வைத்தார். அன்று காங்கிரஸ் தலைவராக இருந்த போஸ் அதை ஏற்கவில்லை. 1939 ஏப்ரலில் நேரு அவருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இது பதிவாகியிருக்கிறது. பெர்லினில் கிட்டி குர்ட்டி என்ற யூதப் பெண்மணியோடு போஸுக்கு நட்பு இருந்ததும் உண்மை. அவர் போஸைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையில் இரண்டும் இருந்தன. அவரை மதிப்பதற்காக ஹிட்லரையும் சுமக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

கற்பனைகளில் இரண்டாவது தேவாலயத்தின் வழியாக வந்தது. திண்டுக்கல், சிவகங்கை, மதுரைப் பகுதிக் கத்தோலிக்க ஊர்களில் தவக்காலத்தை ஒட்டி நடக்கும் பாஸ்கா நாடகங்கள் நம் நாட்டார் அரங்கின் அருஞ்செல்வம். ஊரே நடிக்கும், ஊரே அழும். அவற்றில் பழைய பிரதிகளைப் பின்பற்றும் இடங்களில், இயேசுவின் சாவுக்கு யூத இனம் முழுவதும் பொறுப்பு என்ற பழியும் வசனத்தோடு சேர்ந்து வந்துவிடுகிறது. இந்தப் பழிதான் ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் புனித வார நாட்களில் யூதத் தெருக்கள் தாக்கப்படக் காரணமாக இருந்தது. ஜெர்மனியின் ஓபராமர்காவ் ஊரின் புகழ்பெற்ற திருப்பாடுகளின் நாடகத்தை ஹிட்லர் 1930இலும் 1934இலும் போய்ப் பார்த்துப் பாராட்டினார். கத்தோலிக்கத் திருச்சபை 1965 அக்டோபர் 28இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் அறிக்கை மூலம், அன்றைய யூதர் அனைவர் மீதோ இன்றைய யூதர் மீதோ அந்தப் பழியைச் சுமத்தக் கூடாது என்று அறிவித்தது. ஓபராமர்காவ் தன் வசனத்தைத் திருத்திக்கொண்டது. நம் ஊர் அண்ணாவிமார்களும் பங்குத்தந்தையரும் உட்கார்ந்து ஓரிரு காட்சிகளை மாற்றினால் போதும். நாடகத்தின் உருக்கம் சிறிதும் குறையாது. இயேசுவும் மரியாளும் பேதுருவும் யூதர்கள்தானே.

மூன்றாவது, மூன்றிலும் புதியது, வேகமானது. கடந்த பத்தாண்டுகளில் தமிழ்க் காணொளிகளில் 'இலுமினாட்டி' பெரும் சரக்காகிவிட்டது. தடுப்பூசியிலிருந்து ஜல்லிக்கட்டுத் தடை வரைக்கும் பதின்மூன்று குடும்பங்களின் சதி என்பார்கள். அந்தப் பட்டியலில் யூத வங்கிக் குடும்பமான ரோத்ஸ்சைல்டின் பெயர் தவறாமல் வரும். டீக்கடையில் அதைப் பகிரும் இளைஞருக்கு யூதர் மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. அவர்களை அறிவாளிகள், உலகையே ஆள்பவர்கள் என்று வியக்கவும் செய்வார். அந்த வியப்புக்கும் வெறுப்புக்கும் ஊற்று ஒன்றே. யூதப் பெரியவர்கள் உலகைப் பிடிக்கத் தீட்டியதாகச் சொல்லப்படும் 'ரகசியத் திட்டம்' 1903இல் ரஷ்ய நாளிதழ் ஒன்றில் முதலில் அச்சானது. அது திருட்டு என்று 1921இல் லண்டன் 'டைம்ஸ்' நிரூபித்தது. மோரிஸ் ஜோலி என்ற பிரெஞ்சுக்காரர் மூன்றாம் நெப்போலியனைத் தாக்கி 1864இல் எழுதிய அங்கத நூலிலிருந்து பத்தி பத்தியாக எடுத்து, யூதர் வாயில் போட்டிருந்தார்கள். ஜோலியின் நூலில் யூதரைப் பற்றி எதுவுமே இல்லை. வாட்டர்லூ போரின் முடிவை முன்கூட்டியே அறிந்து ரோத்ஸ்சைல்டு பணம் குவித்த கதையும் 1846இல் பாரிசில் வெளியான ஒரு வசைப் பிரசுரத்திலிருந்து கிளம்பியதே. பொய்யென்று நிரூபித்த பிறகும் நாஜிகள் அந்த 'ரகசியத் திட்டத்தை'ப் பரப்பினார்கள். முழு இனத்தையும் ஒழிப்பது தற்காப்பு என்று மக்களை நம்ப வைக்க அது அவர்களுக்கு வேண்டியிருந்தது. 2018 அக்டோபரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் ஜெபாலயத்தில் பதினொரு பேரைச் சுட்டவனும், அகதிகளைக் கொண்டுவந்து குவிப்பவர்கள் யூதர்களே என்ற சதிக்கதையை நம்பியவன். நம் நாட்டிலும் 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலின்போது நாரிமன் இல்லம் என்ற யூத மையத்தைத் தேடிப் போய், அங்கிருந்த யூத குருவையும் அவர் மனைவியையும் சேர்த்து ஆறு பேரைக் கொன்றார்கள்.

பாலஸ்தீனத்துக்கு வருகிறேன், வராமல் தீராது. 2023 அக்டோபர் 7இல் ஹமாஸ் ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றது. அதன்பின் காசாவில் இஸ்ரேல் நடத்திய போரில் பல்லாயிரக்கணக்கான பாலஸ்தீனியர்கள் மாண்டார்கள், குழந்தைகள் எண்ணற்றோர். அதற்காக மதுரைத் தெருக்களில் கொதிப்பவர்களின் கொதிப்பு நியாயமானது. முள்ளிவாய்க்காலைப் பார்த்த மக்கள் கொதிக்காமல் இருந்தால்தான் தவறு. ஆனால் அந்தக் கோபத்தில் 'ஹிட்லர் செய்தது சரிதான்' என்று எழுதும் கை, காசாவின் ஒரு குழந்தைக்கும் உதவவில்லை. இரண்டு உணர்வையும் ஒருசேரத் தாங்க முடியும் என்பதற்கு 1938 நவம்பர் 26 'ஹரிஜன்' இதழில் காந்தி எழுதிய கட்டுரை சான்று. யூதர்கள் மேல் தன் அனுதாபம் முழுவதும் இருப்பதாகச் சொல்லி, கிறித்தவ உலகம் அவர்களைத் தீண்டத்தகாதவர்களாக நடத்தியது என்றார். பாலஸ்தீனம் அரபு மக்களுடையது என்றும் அதே கட்டுரையில் சொன்னார்.

அதே கட்டுரையில் அவர் தடுமாறிய இடமும் உண்டு. ஜெர்மன் யூதர்கள் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டும், துன்பத்தை மனமுவந்து ஏற்க வேண்டும் என்று அறிவுரை சொன்னார். சிந்தனையாளர் மார்ட்டின் பூபர் 1939 பிப்ரவரியில் எருசலேமிலிருந்து மறுமொழி எழுதினார். வதைமுகாம் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா, சாட்சியே இல்லாமல் அழிக்கப்படுபவனின் தியாகம் யாரை அசைக்கும் என்பது அவர் கேள்வியின் சாரம். பதில் வரவில்லை. வழக்கு மன்றமும் பத்திரிகையும் இருந்த இடங்களில் பிறந்தது காந்தியின் போராட்ட முறை. ட்ரெப்ளிங்கா வதைமுகாமில் அவை இரண்டும் இல்லை. பூபர் பக்கமே நியாயம் என்பது என் முடிவு. காந்தியை நேசிக்கும் ஊர் இந்த விவாதத்தை நடத்தத் தயங்க வேண்டியதில்லை. தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில், 1959இல் நேரு திறந்து வைத்த காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. இந்த விவாதத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை.

எழுத்துலகத்தில் இருப்பு எவ்வளவு? பா. ராகவன் 'குமுதம் ரிப்போர்ட்டரில்' தொடராக எழுதிய 'நிலமெல்லாம் ரத்தம்' யூதரின் நெடிய வரலாற்றை லட்சக்கணக்கான வாசகர்களின் கைக்குக் கொண்டு சேர்த்தது. மருதனின் 'ஹிட்லரின் வதைமுகாம்கள்' படுகொலையை மையமாக எடுத்துக்கொண்டது. ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பும், வதைமுகாமில் பிழைத்த விக்டர் ஃபிராங்கலின் நூலும் தமிழில் கிடைக்கின்றன. பிந்தையதைப் பலர் தன்னம்பிக்கை நூலாக மட்டுமே வாங்குகிறார்கள் என்பது வருத்தம். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் யூதப் படுகொலை சில பத்திகளில் வருகிறது. அறுபது லட்சம் என்ற எண் வரும், ஒரு முகம்கூட வராது. ஹிட்லர் வாழ்க்கை வரலாறுகளையும் கொல்லப்பட்டவர்களின் வாழ்க்கை வரலாறுகளையும் தமிழில் எடை போட்டால் தட்டு எந்தப் பக்கம் சாயும் என்பதில் சந்தேகமே இல்லை. நம் இலக்கியப் பதிப்பகங்கள் கவனிக்க வேண்டிய குறை இது.

மறுபக்கம், யூத அறிஞர்கள் தமிழுக்குச் செய்தது குறைவல்ல. நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறிய ஹாயிம் ராபின், பழைய ஏற்பாட்டின் எபிரேயத்தில் தமிழ்நாட்டு வணிகத்தின் தடங்களைத் தேடி ஆராய்ந்து, 1968 சென்னை உலகத் தமிழ் மாநாட்டில் அதை முன்வைத்தார். டேவிட் ஷுல்மன் நம் தலபுராணங்களை, மதுரையின் திருவிளையாடல் உட்பட, வாழ்நாள் முழுதும் படித்துத் 'தமிழ்: ஒரு வாழ்க்கை வரலாறு' என்ற நூலை ஆங்கிலத்தில் 2016இல் தந்தார். அவரே பாலஸ்தீன இடையர்களுக்குக் காவலாக ஹெப்ரான் மலைகளில் இஸ்ரேல் படையினர் முன் நிற்பவர். யூதர் என்றால் இஸ்ரேல் அரசு என்று ஒரே வரியில் எழுதுபவர்கள் இவரை எங்கே வைப்பார்கள்? அகில இந்திய வானொலி நிலையம் திறக்கும்போது வரும் அந்த முத்திரை இசையை அமைத்தவராகக் கருதப்படுபவர் வால்டர் காஃப்மன், 1934இல் ஐரோப்பாவிலிருந்து பம்பாய்க்கு வந்து சேர்ந்த யூதர். இம்மாவட்டத்தின் எத்தனையோ வீடுகள் அந்த இசையில் கண் விழித்திருக்கின்றன.

ஒப்பீடு செய்யும்போது கவனம் வேண்டும். ஆளாளுக்குத் தத்தம் சாதியைத் 'தமிழ்நாட்டு யூதர்' என்று சொல்லிக்கொள்வது நம் விவாதங்களில் சகஜமாகிவிட்டது. அது கொல்லப்பட்டவர்களைக் கடன் வாங்குவது. ஆனாலும் பிறப்பை வைத்து ஒரு மக்களைப் பதிவேட்டில் ஏற்றும் வேலை என்னவென்று மதுரை மண்ணுக்குத் தெரியும். உசிலம்பட்டி வட்டாரத்துக் கள்ளர்கள் மீது ஆங்கிலேயர் குற்றப் பரம்பரைச் சட்டத்தை ஏவினார்கள். ஆண்களின் கைரேகையை எடுத்தார்கள். இரவில் வீட்டில் தூங்க உரிமை இல்லை. வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். அந்த ரேகைச் சட்டத்தை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3இல் துப்பாக்கிச் சூடு நடந்தது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். ஜெர்மனியில் 1935 செப்டம்பரில் நியூரம்பர்க் சட்டங்கள் யூதரின் குடியுரிமையைப் பறித்தன. 1938இல் அவர்களின் கடவுச்சீட்டில் தனி முத்திரை விழுந்தது. 1941இல் மஞ்சள் நட்சத்திரத்தைச் சட்டையில் தைக்கச் சொன்னார்கள். அங்கே அது நச்சுவாயு அறையில் போய் முடிந்தது, இங்கே முடியவில்லை. இந்த வேறுபாடு மிகப் பெரிது. பெயரைப் பதிவேட்டில் ஏற்றிய எழுத்தரின் வேலை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றே.

கொழும்பில் 1983 ஜூலையில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடினார்கள். தப்பி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் ஆனையூரிலும் உச்சப்பட்டியிலும் திருவாதவூரிலும் அகதி முகாம்களில் வாழ்கிறார்கள். 1939 மே மாதம் 937 பயணிகளோடு ஹாம்பர்க்கிலிருந்து கிளம்பிய 'செயின்ட் லூயிஸ்' கப்பலில் ஏறக்குறைய எல்லோரும் யூதர்கள். கியூபா கதவைச் சாத்தியது, அமெரிக்காவும் சாத்தியது. ஐரோப்பாவுக்கே திருப்பி அனுப்பப்பட்டவர்களில் 254 பேர் பின்னர் மாண்டார்கள். அப்படிப்பட்ட கைவிடல்களின் வெட்கத்திலிருந்து பிறந்ததுதான் 1951 அகதிகள் உடன்படிக்கை. இந்தியா இன்னும் அதில் கையெழுத்திடவில்லை. யூதரை நினைவுகூரும் மதுரைக்காரர் இதையும் கேட்க வேண்டும்.

ஆஷ்விட்ஸ் முகாம் விடுவிக்கப்பட்ட ஜனவரி 27ஐ ஐ.நா. சபை 2005இல் நினைவு நாளாக அறிவித்தது. காந்தி சுடப்பட்ட நாள் அதற்கு மூன்று நாள் கழித்து வருகிறது. இரண்டையும் சேர்த்து ஒரு வாரம், தமுக்கத்தில், கல்லூரி மாணவர்களும் பள்ளி ஆசிரியர்களும் கூடலாம். ஆன் ஃபிராங்கைத் தமிழில் வாசிக்கலாம். காந்தி, பூபர் இருவர் தரப்பையும் மாணவர்களே எடுத்து வாதாடலாம். காலன்பாக், போலாக், ஷ்லெசின் மூவரின் படங்களையும் மாட்டி, அவர்கள் யாருக்காகச் சிறையும் சிரமமும் பட்டார்கள் என்று கீழே தமிழில் எழுதி வைக்கலாம். பெரிய செலவு ஒன்றும் ஆகாது. மதுரையின் வரலாற்று ஆசிரியர்கள் யாரேனும் அடுத்த ஜனவரியிலேயே இதைத் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.